கான்ட்ராஸ்ட் ஏஜென்ட்: 'முகவர்' வேண்டாம், 'துலக்கி' சரியா வருமா?

போன மாசம் அம்மாவ கல்லீரல் சி.டி. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஸ்கேன் படத்துல உள்ள இருக்கறது தெளிவாத் தெரிய உடம்புல ஏத்துற மருந்தத்தான் இங்கிலீஷ்ல கான்ட்ராஸ்ட் ஏஜென்ட்னு சொல்றாங்க. கையெழுத்து வாங்குற படிவத்துல 'மாறுபாட்டு முகவர் செலுத்தப்படும்'னு அச்சடிச்சிருந்தாங்க. அம்மா ரெண்டு தடவ படிச்சிட்டு "முகவர்னா ஆளாச்சேப்பா, இங்க எதுக்கு?"ன்னு கேட்டாங்க. அப்புறம் சிஸ்டர் வந்து "டை போடுறோம்மா, உடம்பு திகுதிகுன்னு சூடாகும், பயப்படாதீங்க"ன்னு சொன்னதுதான் அவங்களுக்கு விளங்குச்சு. அன்னைலேருந்து இந்தச் சொல்லு மனச அரிச்சிட்டே இருக்கு.

'முகவர்' போயே ஆகணும். 'சாயம்'னும் சொல்ல முடியாது, நரம்புல ஏத்துற அயோடின் எதுக்கும் நிறம் ஏத்தல, எக்ஸ்ரேய மறிக்குது. நேத்து ஒருத்தர் இதுக்கு 'ஒளிர்ப்பி'ன்னு வெக்கலாம்னு சொல்லியிருந்தாரு, கேக்க நல்லாத்தான் இருக்கு, எம்.ஆர்.ஐ.ல போடுற காடோலினியத்துக்குப் பொருந்தவும் செய்யும், அது சேர்ற இடம் வெளுப்பாத் தெரியும். ஆனா 1996ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன ஃபெரிடெக்ஸ்ங்கிற எம்.ஆர்.ஐ. மருந்த எடுத்துக்கோங்க. டெக்ஸ்ட்ரான்ங்கிற பாலிமர் (சின்ன மூலக்கூறுங்க சங்கிலியாக் கோத்தது) போர்த்தின இரும்பு ஆக்சைடு நானோத்துகள் அது. நல்ல கல்லீரல்ல இருக்கற, வேண்டாத துகள முழுங்குற குப்ஃபர் செல்லுங்க அத முழுங்கிரும், அந்த இடமெல்லாம் படத்துல கருத்துப்போயிரும், புற்றுக்கட்டில அந்த செல்லுங்க பெரும்பாலும் கிடையாதுங்கறதால கட்டி மட்டும் வெளுப்பாத் தனிச்சு நிக்கும். மருந்து போன இடம் கருக்குது, போகாத கட்டி துலங்குது. இத எப்படி ஒளிர்ப்பின்னு சொல்றது?

அதான் 'துலக்கி'ன்னு கேக்குறேன். வெளுத்தாலும் கருத்தாலும் கட்டி துலங்கணும், வேலை அதுதான். பாத்திரம் துலக்குற நெனப்பு வருமேன்னு சொல்வீங்க, வரட்டுமே, துலக்கினா மறைஞ்சிருந்தது தெரியத்தானே செய்யுது. தனியா நின்னா குழப்பும்னா 'படத்துலக்கி'ன்னு வெச்சுக்கலாம்.

இனி பாலிமர் சங்கதி. வழக்கமான காடோலினியம் மருந்து சின்ன மூலக்கூறு, கிட்னி நல்லா இருந்தா ஒன்றரை மணி நேரத்துல ரத்தத்துல பாதியாயிரும். அதையே பாலிமர்ல கோத்துப் பெருசாக்கிட்டா கிட்னி வடிகட்டில சட்டுனு நழுவாது, ரத்தத்துல சுத்திட்டே இருக்கும், அவசர அவசரமா வளர்ந்த புற்றுக்கட்டியோட ரத்தக்குழாய்ல ஓட்டை ஓட்டையா இருக்கறதால அதுவழியா கசிஞ்சு உள்ள போயிரும், நிணநீர் வடிகாலும் அங்க சரியில்ல, அதனால உள்ளயே தங்கிரும். 1986ல ஜப்பான் குமமோட்டோவுல மட்சுமுராவும் மயெடாவும் எழுதிக் காட்டுன விஷயம் இது. இங்கிலீஷ்ல 'enhanced permeability and retention'னு நீளமா ஒரு பேரு வெச்சு EPRனு மூணெழுத்தாச் சுருக்கிட்டாங்க, தமிழ்ல 'கசிவுத்தங்கல்'னு ஒரே சொல்லுல நடக்குறத நடக்குற வரிசையிலயே சொல்லிரலாம்னு தோணுது. எல்லாக் கட்டியிலயும் இது ஒரே மாதிரி நடக்காது, மனுஷங்ககிட்ட கட்டிக்குக் கட்டி ரொம்ப மாறுது, அதனால 'விதி'ன்னு சேக்க வேண்டாம், 'கசிவுத்தங்கல் விளைவு' போதும்.

பாலிமருக்குத் தமிழ்ல பலபடி, அப்போ இப்படி பாலிமர்ல கோத்த மருந்துக்கு முழுப் பேரு 'பலபடி நானோத்துலக்கி'. இதுல எனக்கு நெருடுறது முதல் பாதிதான். தமிழ்நாட்டுப் பாடநூல்ல பலபடி, ஈழத்துல பல்பகுதியம். பலபடி வாய்க்குச் சுலபம், ஆனா பல பகுதி கோத்து ஆனதுங்கற விவரம் பல்பகுதியத்துலதான் இருக்கு. இலங்கையில வேதியியல் படிச்சவங்க இதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, 'பல்பகுதிய நானோத்துலக்கி'ன்னு வகுப்புல சொன்னா பிள்ளைங்களுக்கு நாக்குல நிக்குமா?