ஷெட்டுக்கு அடியில் நரி: கூண்டு வைக்காமல் விரட்ட வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். தோட்டத்து ஷெட்டுக்கு அடியில் ஒரு நரி வளை தோண்டிக் குடியேறிவிட்டது. ராத்திரியில் அலறல், புல்தரை நாசம், குப்பைப் பை கிழிந்து வாசலெல்லாம் கோழி எலும்பு.

தனியார் ஆளை வைத்துக் கூண்டில் பிடிக்கலாம், செலவைப் பாதி பாதி போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிடித்ததைக் காட்டில் விட்டுவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு. பெரும்பாலும் சுட்டுத்தான் கொல்வார்கள். வேறிடத்தில் விட்டாலும் பழகாத மண்ணில் அது பிழைப்பது கஷ்டம். கூண்டில் சிக்கிய நரிக்கு 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் பொருந்தும், வதைத்தால் குற்றம். அதுவும் மார்ச், ஏப்ரல் குட்டி போடும் காலம்; தாயைப் பிடித்தால் குட்டிகள் பட்டினியில் சாகும். சரி, பிடித்தே விட்டாலும் காலியான இடத்துக்கு இன்னொரு நரி வரும்!

மூடி போட்ட தொட்டி வாங்கியாச்சு, பறவைகளுக்குத் தீனி வைப்பதையும் நிறுத்தியாச்சு. அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் கருவி யாராவது வைத்திருக்கிறீர்களா? நரி போகிறதா, இல்லை பூனை மட்டும்தான் ஓடுகிறதா? உள்ளே நரி இருக்கும்போது வளையை அடைக்கக் கூடாது. காலியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்தீர்கள்? அப்புறம், ஷெட்டைச் சுற்றிக் கம்பிவலை புதைத்தவர்கள் எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.