கஜாவில் விழுந்த மின்கம்பங்கள்: ஊர் முழுக்கப் புதைவடம் கேட்கலாமா?

தோப்புத்தெரு: வேதாரண்யம் பக்கம் கிராமம் எங்களுடையது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு கம்பமும் மிஞ்சவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். மறுபடியும் அதே இடத்தில் அதே மாதிரிக் கம்பங்களைத்தான் நட்டிருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஊர் முழுக்கப் புதைவடம் (பூமிக்குள் போகும் மின்கேபிள்) கேட்டுத் தீர்மானம் போட நினைக்கிறோம். சரிதானா?

கடலூர் வாசி: தாராளமாகக் கேளுங்கள். 2011 தானே புயலில் பட்டவர்கள் நாங்கள். பூமிக்குள் போன கேபிளைக் காற்று என்ன செய்யும்?

பழைய லைன்மேன்: காற்று ஒன்றும் செய்யாதுதான். ஆனால் மண்ணையும் பார்க்க வேண்டும் தம்பி.

கஜாவுக்குப் பிறகு கம்பம் நடப் போனவர்களில் நானும் ஒருவன். கேரளா, ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிரேன் இறங்க முடியாத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துதான் கொண்டுபோனோம். நான் வேலை பார்த்த இடங்களில் காற்று தானாகச் சாய்த்த கம்பங்கள் குறைவு. தென்னை முறிந்து கம்பிமேல் விழுந்து இழுத்ததில் போனவைதான் அதிகம். ஒன்று சாய்ந்தால் கம்பி அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை. இரண்டு பக்கமும் ஸ்டே, அதாவது இழுத்துப் பிடிக்கும் கம்பி, கட்டிய கம்பம் வந்தால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

வீடுகள் நெருங்கியிருக்கும் டவுனுக்குப் புதைவடம் கட்டுப்படியாகும். தோப்புக்கு ஒரு வீடு இருக்கும் ஊரில் செலவு பல மடங்கு. உப்புத்தண்ணீர் ஊறும் மண்ணில் ஜாயின்ட் கொஞ்சம் பிசகினாலும் ஈரம் இறங்கிவிடும். அப்புறம் பழுது எங்கே என்று தேடவே தனிக் கருவி வர வேண்டும்.

அதனால் ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார், புயல் பாதுகாப்பு மையம் இவற்றுக்குப் போகும் லைனுக்கு மட்டும் புதைவடம் கேளுங்கள். கேபிளிலிருந்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பெட்டியை வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே மேடை கட்டி வைக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், பெட்டி மூழ்கினால் கேபிள் நன்றாக இருந்தும் கரண்டை நிறுத்தத்தான் வேண்டும். மற்ற லைனில் சில கம்பங்களுக்கு ஒன்று வீதம் இருபுறமும் ஸ்டே வேண்டும். 9 மீட்டர் கம்பம் என்றால் 1.5 மீட்டராவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். மணற்பாங்கான இடமென்றால் அடியில் காங்கிரீட்டும் போட வேண்டும். ஆட்கள் குழி தோண்டும்போது ஊரார் யாராவது அளவுகோலோடு பக்கத்தில் நில்லுங்கள். அவசர வேலையில் ஆழம்தான் முதலில் குறையும்.

தோப்புத்தெரு: நன்றி ஐயா. லைன் தோப்புக்கு நடுவே போகிறது. காய்க்கிற மரத்தை வெட்ட யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கஜாவில் போன தோப்பை இப்போதுதான் மீட்டிருக்கிறார்கள்.

பழைய லைன்மேன்: வெட்டச் சொல்லவே வேண்டாம். அந்தத் தென்னம்பிள்ளைகளை வளர்த்தவர்களிடம் அதைக் கேட்க எனக்கும் மனம் வராது. லைனைச் சாலையோரமாக மாற்றக் கேளுங்கள். வண்டி போக வழி இருந்தால் பழுது பார்ப்பதும் சுலபம். மாற்ற முடியாத இடத்தில் வெறும் கம்பிக்குப் பதில் உறை போட்ட ஏபி கேபிள். மட்டை உரசினால் லைன் போகாது, ஆனால் மரமே விழுந்தால் அதுவும் தாங்காது. தொட்டி மோட்டாரைக் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சை இப்போதே நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். அது ஊராட்சி அளவிலேயே முடிகிற வேலை, ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடலாம்.