வெட்டிப் போட்ட மரம், கேட்பாரில்லாத கட்டை: இலவச விறகு எடுத்த அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஆப்பு:

வேரோட சாய்ஞ்ச மரத்துல விறகு எடுக்கப் போறவங்களுக்கு மட்டும். ரோட்டோரப் புளி. கிளை எல்லாம் கழிச்சாச்சு, தூர்ல மண்ணைக் கவ்விக்கிட்டு வேர்த்தட்டு ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிக்குது. தூர்ல இருந்து மூணடி விட்டுச் சங்கிலி வாள் மிஷினை வெச்சாங்க. முக்கால்வாசி அறுத்திருக்கும், ‘டொக்’னு ஒரு சத்தம். கட்டை கீழ விழலை, மேல எழுந்துச்சு. வேர்த்தட்டு அப்படியே சரிஞ்சு பழைய குழிக்குள்ள போய் உட்கார்ந்து, அந்த மூணடி செங்குத்தா நின்னுச்சு. முளைச்ச நாள்ல இருந்து அங்கேயே நின்ன மாதிரி. ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அந்தக் குழிக்குள்ள ஒருத்தர் வேர் கழிச்சுக்கிட்டு இருந்தார்.

காரணம் சின்னது. தட்டைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறது படுத்திருக்கிற அடிமரத்தோட பாரம். அந்தப் பாரத்தை அறுத்து எடுத்துட்டா, மண்ணும் வேரும் சேர்ந்து தன் இடத்துக்குப் போயிடும். அதனால நுனியில இருந்து வாங்க. தூரோட எட்டடியை விட்டுடுங்க. குழிக்குள்ள, தட்டுக்குப் பின்னால, கட்டை மேல எங்கேயும் ஆள் நிக்கக் கூடாது. அந்த எட்டடியும் வேணும்னா ஜேசிபி வந்து தட்டை அழுத்திப் பிடிச்ச பிறகு அறுங்க. ஜேசிபி இல்லேன்னா அந்த எட்டடி நமக்கு இல்லைன்னு வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, வாள் கவ்விக்கிறது. ரெண்டு முனையும் தாங்கலா இருந்தா மேல் பக்கம் நெருக்கும்: மேல இருந்து மூணுல ஒரு பங்கு, மிச்சம் கீழ இருந்து. ஒரு முனை அந்தரத்துல இருந்தா நேர் எதிர்: முதல்ல கீழ மூணுல ஒரு பங்கு, அப்புறம் மேல இருந்து.

மேற்குச்சீமை:

மரம் சாயட்டும்னு புயலுக்காகக் காத்திருக்கணுமா என்ன? பேப்பர்ல ‘மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை’ன்னு ஊர்ப் பேர் போடுறாங்களே, அதுதான் விறகுப் பட்டியல். லைனுக்கு அடியில இருக்கிற வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி எல்லாத்தையும் அன்னைக்கு மின்வாரிய ஆளுங்க வெட்டித் தள்ளுவாங்க. அள்ளுறது பெரும்பாலும் அவங்க வேலை இல்லை. வீட்டுக்காரர் வாசல்ல ஒரு வண்டிக் கிளை கிடக்கும், அதை அப்புறப்படுத்த அவர்தான் கூலி கொடுக்கணும். கேட்டா கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுப்பார். ஆனா தழையையும் சேர்த்து எடுத்துக்கிறோம்னு சொல்லணும். கட்டையை மட்டும் பொறுக்கிட்டுத் தழையை விட்டுட்டுப் போனா அடுத்த தடவை கிடைக்காது. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல உள்ளது விறகு. அதுக்குக் கீழே வேம்பும் பூவரசும் ஆட்டுக்கு, மிச்சம் மூடாக்குக்கு.

மறக்க முடியாதது: எல்லாரும் கிளம்பிட்டாங்க, கம்பியில ஒரு வேப்பங்கிளை மாட்டித் தொங்குது. பச்சைக் கிளை, முனை மதிற்சுவர்ல இடிக்குது. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. இலை எல்லாம் ஒரே நேரத்துல சீறி, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச சத்தம். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். தொரட்டி வெச்சு இழுத்துடலாம்னு நினைக்கிறவங்க, மூங்கில் தொரட்டி ஈரமா இருந்தா அதுவும் கடத்தும்னு தெரிஞ்சுக்கங்க. கம்பியில தொங்குறது விறகே இல்லை.

தென்னந்தோப்பு:

கஜா புயலுக்கு அப்புறம் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பார்த்தவங்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியுறதுக்குள்ள தோப்புத் தோப்பா படுத்துடுச்சு. ‘எடுத்துட்டுப் போனா போதும்’னுதான் எல்லா இடத்துலயும் பேச்சு. தாராளம் ஒண்ணும் இல்லை. அழுகுற தென்னந்தண்டுல காண்டாமிருக வண்டு முட்டை வெச்சுப் பெருகும், தப்பிச்சு நிக்கிற மரத்தோட குருத்தையும் தின்னும். அதனாலதான் தண்டை வெளியே தள்ளத் துடிச்சாங்க.

எடுத்துட்டுப் போனவங்க முழுத் தண்டா அடுக்கினாங்க. அங்கதான் தப்பு. ஒரு மழைக்காலம் கழிச்சு ஒரு தண்டைப் பிளந்தா, வெளியில ரெண்டங்குலம் கடப்பாரை மாதிரி இருக்கு, உள்ள முழுக்கக் கருப்பு மக்கு. மக்குக்குள்ள கட்டைவிரல் மொத்தத்துல வெள்ளைப் புழு, இங்கிலீஷ் ‘சி’ மாதிரி சுருண்டு, வரிசையா. அடுப்புக்குன்னு அட்டி போட்டது வண்டுப் பண்ணையா இருந்துச்சு.

பச்சையா இருக்கும்போதே ரெண்டடித் துண்டு போட்டு, நாலா எட்டா பிளந்து, நடுவுல இருக்கிற பஞ்சுச் சோற்றைச் செதுக்கி எறிஞ்சுடணும். வெளி ஓடு மட்டும்தான் விறகு. கோடாலி நேரா அடிச்சா துள்ளும், ஆப்பு போட்டுத்தான் ஆகணும். மிஷின் சங்கிலி சீக்கிரம் மழுங்கும், அரம் கையோட இருக்கட்டும்.

கருவக்காடு:

தென்னைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா தென்னந்தோப்பு சார்? கொழுந்து விட்டு எரியும், தணல் நிக்காது, சாம்பல்தான் மிச்சம். அதே தோப்புல பாளை, மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி கிடக்கும்போது தண்டைத் தொடுறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. இனாம்னு சொன்னா எதையும் தூக்கிடுறது. முருங்கை, கல்யாண முருங்கை, இலவம், ஒதியன் நாலும் அப்படித்தான். காய்ஞ்சா தக்கை. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாதுன்னு சொன்னவங்க அடுப்புக்கும் ஆகாதுன்னு சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

விறகுன்னா சீமைக்கருவேலம். பாதிப் பச்சையிலேயே எரியும், தணல் மணிக்கணக்கா நிக்கும். ஆனா ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் அது இனாம் கிடையாது. கரிமூட்டம் போடுறவங்க காசு கொடுத்து எடுப்பாங்க. யாராவது ‘சும்மா வெட்டிக்க’ன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு: ஒண்ணு எல்லாம் விரல் மொத்தக் குச்சி, இல்லேன்னா தூரையும் நம்ம தலையில கட்டுறாங்க. ரெண்டாவதுதான் வழக்கம்.

அப்படி ஒரு வேலி. ஆறு நாள்ல வெட்டி முடிஞ்சு, தரைமட்டத்துக்கு அறுத்து, சுத்தமா ஒப்படைச்சாச்சு. ஐப்பசி மழை கழிஞ்சு பார்த்தா ஒவ்வொரு தூர்லயும் ஏழெட்டுக் கம்பு, முன்னைவிட அடர்த்தி, எல்லாம் முள். காட்டுக்காரர் கேட்ட கேள்வியை இங்க எழுத முடியாது. மேல அறுத்தா அது கவாத்து. மண்ணுக்குள்ள ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, தண்டும் வேரும் சேர்ற முடிச்சோட எடுக்கணும். முளைக்கிற கண் எல்லாம் அந்த முடிச்சுல இருக்கு. மழை பெய்ஞ்ச மூணாம் நாள் தோண்டினா வேலை பாதி.

முள்ளுக்கு: இடது கையில கவைக்கம்பு, வலது கையில அரிவாள். கிளையைக் கவையால அமுக்கிட்டு வெட்டணும், கையால பிடிக்கவே கூடாது. வெட்டின கொப்பெல்லாம் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமா போடணும். மாத்திப் போட்டா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு ஆறு கொப்பு சேர்ந்து வரும். ஹவாய் செருப்பு அந்தக் காட்டுல செருப்பே இல்லை. முள் ஒடிஞ்சு உள்ள நின்னா புண் வீங்கிச் சீழ் வைக்கும், ஊசியால தோண்டாம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

தென்னந்தோப்பு:

பாவப்பட வேண்டாம் தம்பி. வெந்நீர் பாய்லருக்குத் தணல் எதுக்கு? கொழுந்துதான் வேணும். குழம்புக்குக் கருவேலம், குளியலுக்குத் தென்னை. அடுப்பைப் பார்த்துத்தான் விறகு.

ஈரச்சுள்ளி:

ஆப்பு அண்ணே, குழிக்குள்ள இருந்தவருக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

ஆப்பு:

தண்ணி குடிக்க மேல வந்திருந்தார். அரிவாள் இன்னும் அடியிலதான் இருக்கு.

அம்பாரம்:

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எடுத்த பிறகு என்ன என்று ஒருவரும் எழுதவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வந்தது ஒரே ஒரு காட்சி. கல்யாண வீடு, மா விறகு, வெட்டி மூன்று வாரம். அண்டா அடியில் வைத்த கட்டையின் மறுமுனையில் நுரை கொதித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரர் அந்த நுரையைத் தொட்டுக் காட்டி, ‘இந்தத் தண்ணிய காய வெச்ச பிறகுதான் உங்க சோத்துத் தண்ணி காயும்’ என்றார். அதேதான். வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சூட்டின் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே போய்விடும், மீதி புகை.

இனி முறை. அடுப்பு வாயை அளந்து, அதைவிட நாலு விரல் குறைவாகத் துண்டு போடுங்கள். சாதாரண அடுப்புக்கு ஒன்றரை அடி போதும். துண்டு போட்ட அன்றே பிளந்துவிடுங்கள். தண்ணீர் வெட்டுமுகம் வழியாகத்தான் போகும், பட்டை வழியாக மிகக் குறைவு. பிளக்காத உருளை ஒரு வருடம் கிடந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும். தைலமரத்தைப் பச்சையில் பிளந்தால் பலகை போல வரும், காய்ந்த பின் முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்வும். புளி எப்போதும் கஷ்டம், நார் பின்னிக்கொண்டிருக்கும். அதை நடுவில் அடிக்காதீர்கள். ஓரத்திலிருந்து சிலாம்பு சிலாம்பாக உரித்து வாருங்கள். கணு உள்ள முனையைக் கீழே வைத்துக் கணு இல்லாத முனையில் ஆப்பு இறக்குங்கள்.

அட்டி போடும்போது அடியில் இரண்டு வரிசை செங்கல், மேலே பனஞ்சட்டம் அல்லது ஏதாவது வாரை. நேராக மண்ணில் வைத்தால் அடி வரிசை கரையானுக்கு. சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி. தார்ப்பாய் மேலே மட்டும், பக்கம் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பூக்கும். தையில் வெட்டிப் பிளந்தது ஆடிக்குள் காயும். புரட்டாசியில் வெட்டியது அடுத்த கோடை வரை விறகு ஆகாது, வடகிழக்குப் பருவமழை விடாது.

காய்ந்ததா என்று பார்க்க, முனையில் நடுவிலிருந்து கதிர் போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழல வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும், ஈரமானது ‘தப்’ என்று கேட்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுங்கள். இரண்டு வாரம் எடை இறங்காவிட்டால் காய்ந்தாயிற்று. எடுக்கும்போது கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் அட்டிதான் பங்களா.

மிலாறு:

காய வைக்கிறதுக்கு முன்னாடி என்ன மரம்னு பாருங்க ஐயா. கழிச்சுப் போட்ட அரளியைச் சுள்ளியோட சுள்ளியா கட்டிட்டு வந்து அடுப்புல வெச்சவங்க உண்டு. பால் காய்ஞ்சுட்டா விஷம் போயிடும்னு நினைப்பு. போகாது. அரளி, எட்டி ரெண்டையும் அடுப்புப் பக்கமே கொண்டு வராதீங்க, கிண்டுற குச்சியாகூட. கழிமுகப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தில்லை மரம். அதோட பால் கண்ணுல பட்டா பார்வையே போகும், புகையும் கண்ணுக்கு ஆகாது. அது காப்புக்காட்டு மரம்கிறது வேற.

முந்திரியை நல்லாக் காய வெச்சு எரிக்கலாம். ‘தானே’ புயல் வீசின 2011 டிசம்பர் 30க்கு அப்புறம் கடலூர், பண்ருட்டிப் பக்கம் அடுப்புகள்ல முந்திரியும் பலாவும்தான். பச்சையில முந்திரிப் பிசின் தோல்ல பட்டா கொப்புளிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்க.

பேக்கிங் கட்டையில தீயால சுட்ட முத்திரை பாருங்க. ‘ஹெச்.டி’ (HT)ன்னா சூடுபடுத்தினது, எரிக்கலாம். ‘எம்.பி’ (MB)ன்னா மருந்துப் புகை போட்டது, தொடாதீங்க. பிளைவுட்டும் பெயிண்ட் அடிச்ச கதவும் பாய்லருக்குக்கூட வேண்டாம்.

கோடிவீடு:

தலைப்பே தப்பு. கேட்பாரில்லாத மரம்னு ஒண்ணு கிடையாது. ரோட்டோரப் புளி விழுந்து கிடந்தாலும் நெடுஞ்சாலைத் துறையோடது. புறம்போக்குல நின்னா வருவாய்த் துறை. ஏலம் விடுவாங்க. ஆப்பு அண்ணன் சொன்ன புளிக்கு அனுமதி இருந்துச்சா? சந்தனம் சொந்தப் பட்டாவுல நின்னாலும் வனத்துறையைக் கேட்காம தொட முடியாது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க.

நேர் வழி ஒண்ணு இருக்கு. ஏலம் எடுத்தவருக்கு வேணும்கிறது அடிமரமும் பெருங்கிளையும். லாரி கிளம்பின அன்னைக்குச் சாயங்காலம் அவரையே கேளுங்க. மிலாறு (சின்னக் கொம்பு), வளைஞ்ச கொப்பு, கணுக்கட்டை எல்லாம் விட்டுட்டுத்தான் போவார். கணுக்கட்டைதான் ராத்திரி முழுக்கத் தணல் நிக்கும். சவுக்குத் தோப்பு வெட்டுற இடத்துலயும் இதே கதை.

ஆப்பு:

ஏலம் எடுத்தவரோட ஆளுங்கதான் அறுத்தாங்க. நமக்குக் கணுக்கட்டை.

மேற்குச்சீமை:

ஏத்துறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. சின்ன யானையில (டாடா ஏஸ் வண்டி) பச்சைக் கட்டையைப் பக்கப்பலகை மட்டத்துக்கு அடுக்கினாலே அரை டன் தாண்டிடும். ஏழடி நீளம், அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒரு அடி உயரம், சந்து போக மரம் ஐந்தில் மூணு பங்குன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. வண்டி தாங்குறது முக்கால் டன். மேல இன்னொரு முழம் கட்டினா பின் பட்டை படுத்துடும், முன் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. காய்ஞ்ச கட்டைன்னாலும் அந்த முழம் வேண்டாம், முக்கால் டன்னைத் தாண்டிடும்.

ஈரச்சுள்ளி:

ரோட்டோர மரத்துல ஆணியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு சங்கிலி போச்சு.

கருவக்காடு:

போர்டு, தோரணம் கட்டுற உயரம் எல்லாம் ஆணிதான். தரையில இருந்து ஆறேழு அடி வரைக்கும் மிஷினை விட்டுட்டுக் கோடாலி, ஆப்பு. துவர்ப்பு உள்ள மரம்னா அறுத்த முகத்துல கருநீலக் கறை ஓடும், மை கொட்டின மாதிரி. அது தெரிஞ்ச உடனே நிறுத்திட்டு ஒரு சாண் தள்ளி அறுங்க. பட்டை மூடிடுறதால மேல பார்த்தா தெரியாது. போன வாரம் ஒரு வேம்புல சைக்கிள் செயினே உள்ள இருந்துச்சு.