ஆறு மாதக் குழந்தைக்கு ஆட்டிறைச்சி: சூப்பு போதுமா, சதையும் போக வேண்டுமா?

தேக்காச்சந்தை:
சோறூட்டிய மறுநாளே பல வீடுகளில் தொடங்கும் வழக்கு இது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் ஆறு மாதத்திலிருந்தே இறைச்சி, மீன், முட்டை கொடுக்கலாம் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ பல் முளைக்கட்டும், ஒரு வயசாகட்டும், அதுவரை கஞ்சியும் பருப்புத் தண்ணியும் போதும் என்கிறார்கள்.

என் கட்சி இதுதான். ஆறு மாதம் ஆகி, தலை நின்று, சாய்மானத்தோடு உட்காரும் குழந்தை, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறது என்றால், முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே இறைச்சி கண்ணில் பட வேண்டும். கருவில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் கரைந்துபோகிறது. தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியும் 6 முதல் 23 மாதம் வரை இறைச்சி, மீன், முட்டை இவற்றில் ஏதாவது தினமும் கொடுக்கச் சொல்கிறது. பல் இதற்குத் தேவையில்லை. மசித்த உணவை ஈறே பார்த்துக்கொள்ளும்.

கேழ்வரகு:
செரிக்காது என்று நானும் சொல்லவில்லை. ஆறு மாதக் குழந்தையின் வயிறு புரதத்தைச் செரிக்கும். என் கேள்வி அளவைப் பற்றியது. தொடக்கத்தில் குழந்தை சாப்பிடுவது இரண்டு மூன்று தேக்கரண்டி. அதில் இறைச்சி 5 கிராம் இருந்தால் அதிகம். 100 கிராம் வெந்த ஆட்டிறைச்சியில் இரும்பு 2 முதல் 3.5 மில்லிகிராம் வரை. 5 கிராமில் என்ன மிஞ்சும்? 20 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 0.9 மில்லிகிராம் இரும்பும், 70 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு நார் நாராகத் தொண்டையில் சிக்கும் கறிக்கு ஏன் இத்தனை அவசரம்?

செங்காங்_ஊட்டம்:
கேழ்வரகு அக்கா, உங்கள் எண்கள் சரிதான். ஆனால் தட்டில் இருப்பது வேறு, உடம்பில் ஏறுவது வேறு. இறைச்சி இரும்பில் ஏறக்குறைய பாதி ஹீம் வகை, அதாவது இரத்தத்திலும் சதையிலும் இருக்கும் இரும்பு. அதில் 15 முதல் 35 சதவீதம்வரை உடலில் சேரும். தானியம், பருப்பு, கீரையில் உள்ளது ஹீம் அல்லாத வகை. கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து 2 முதல் 20 சதவீதம்வரை. ராகியின் செந்தோலில் உள்ள, இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட்டும் துவர்ப்புச் சத்துகளும் அந்தச் சதவீதத்தைக் கீழ்முனைக்கே இழுக்கும். அதே ராகியைப் பாலில் காய்ச்சினால் இன்னும் குறையும்.

ஆனால் தேக்காச்சந்தை, நீங்களும் ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கணக்கில் 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு. உணவில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான் சேரும் என்று வைத்துப் போட்ட எண் அது. தினமும் 25 கிராம் கறி கொடுத்தாலும் தட்டில் ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. இறைச்சி மட்டுமே இந்தக் கணக்கை முடிக்காது. இரும்புச்சத்து சேர்த்த குழந்தைத் தானிய மாவு ஒரு வேளையாவது இருப்பது நல்லது. இறைச்சியின் பெரிய பலன் வேறு: அதே கரண்டியில் இருக்கும் அரிசி, பருப்பு, காய்கறியின் இரும்பையும் கூடுதலாக ஏறவைக்கும். அதனால் காலையில் ராகி, மதியம் கறி சேர்த்த சோறு என்று பிரிப்பதுதான் சரி. இரண்டும் ஒரே வேளையில் மோத வேண்டியதில்லை.

கேழ்வரகு:
பிரித்துக் கொடுப்பதை ஏற்கிறேன். ராகியை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் ஃபைட்டேட் கணிசமாகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாள் புளித்த வாடை வந்துவிடும், வந்தால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் நார் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மிக்சியில் அரைத்த கறி மணல் போல இருக்கும். குழந்தை துப்பும், "இதுக்குக் கறி பிடிக்கல" என்று நாலு நாளில் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது.

தேக்காச்சந்தை:
நடப்பது உண்மை. காரணம் சமையலில் இருக்கிறது. மூன்று தவறுகள்.

முதலாவது, அவசரச் சூடு. சதை நார் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும், பிறகு எவ்வளவு அரைத்தாலும் கொரகொரப்புதான். தொடைக்கறியோ தோள்கறியோ 100 கிராம் வாங்குங்கள். வெள்ளைச் சவ்வையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, நாருக்குக் குறுக்கே சிறு துண்டாக நறுக்கி, 200 மில்லி தண்ணீரில் குக்கரில் வையுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் மசிய வேண்டும். மசியாவிட்டால் இன்னும் 10 நிமிடம். முற்றின ஆடு என்றால் இது நிச்சயம் தேவைப்படும்.

இரண்டாவது, ஆறவிட்டு வெறுங்கறியாக அரைப்பது. சூடு இருக்கும்போதே, வெந்த தண்ணீர் ஐந்து மேசைக்கரண்டி, அதோடு வெந்த பூசணி 60 கிராம் சேர்த்து அரைத்தால் வழுவழுப்பாக வரும். உருளைக்கிழங்கை மட்டும் மிக்சியில் போடாதீர்கள், பசையாகிவிடும். அதைக் கையால் மசித்துத் தனியே கலக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு வேளைக்கு மட்டும் 20 கிராம் அரைக்கப் பார்ப்பது. பிளேடுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன அளவு ஐஸ் டிரேயில் 15 மில்லிக் கட்டியாக 13 வரும். பச்சையாக 100 கிராம் எடுத்தால் வெந்தபின் 60, 65 கிராம்தான் மிஞ்சும் என்பதால், கட்டிக்கு 5 கிராம் சதை. முதல் வாரம் ஒரு கட்டி, 8 மாதத்தில் மூன்று நான்கு.

பொங்கோல்_கடலோரம்:
ஆட்டுக்கால் சூப்பு, எலும்பு சூப்பில் கஞ்சி காய்ச்சினால் சத்து இறங்கிவிடாதா? கறியை வடித்துவிட்டு அந்தத் தண்ணீரில் சாதம் குழைப்பதுதானே வழக்கம்.

செங்காங்_ஊட்டம்:
இறங்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரும்பும் துத்தநாகமும் சதையிலேயே தங்கிவிடும். சூப்பில் வருவது மணம், கொழுப்பு, கொஞ்சம் ஜெலட்டின், நாம் போட்டால் உப்பு. பருப்புத் தண்ணிக்கும் இதே கதை, பருப்பு அடியில் கிடக்கும். அந்தத் தண்ணீர் குழந்தையின் வயிற்றை நிரப்பிவிடுவதால் பாலும் குறைகிறது, உணவும் ஏறுவதில்லை. தாய்ப்பாலுக்கு மேல் 6 முதல் 8 மாதத்தில் 200 கிலோ கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300 கிலோ கலோரி உணவிலிருந்து வர வேண்டும். நீர்க்கஞ்சியில் அது வராது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நின்று மெல்ல விழும் பதம்தான் வேண்டும். சூப்பை வடிக்காமல், கறியோடு சேர்த்து அரையுங்கள். அரை தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ சேர்க்கலாம்.

பொங்கோல்_கடலோரம்:
சரி. இக்கான் பிலிஸ் பொடி? எல்லா இடத்திலும் கால்சியத்துக்கு என்று அதைத்தான் தூவுகிறார்கள்.

கேழ்வரகு:
வேண்டாம். அது உப்பிட்டு உலர்த்திய நெத்திலி. ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றினாலும் உப்பு முழுவதும் போகாது. ஒரு வயதுக்குள் உப்பு ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கணக்கு. பாலிலும் உணவிலும் இயல்பாக இருப்பதே போதும், மேலே தூவத் தேவையில்லை. மீன் வேண்டுமென்றால் குராவ், நம் ஊரில் காலா என்பார்களே, அது நல்லது. 8 நிமிடம் ஆவியில் வைத்து, வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, விரலால் இரண்டு தடவை தடவி முள் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று சமைக்கும் சுறாப்புட்டைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

விரலுணவு:
இவ்வளவு நேரமும் எல்லாரும் அரைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதில்தான் மறுப்பு. ஆறு மாதத்தில் வழுவழுப்பு சரி. ஏழில் கரண்டியால் மசித்தது, எட்டில் சிறு கட்டிகள் என்று நகர வேண்டும். 9, 10 மாதம்வரை கட்டியான உணவையே காட்டாத குழந்தைகளுக்குப் பிறகு சாப்பாட்டுச் சிக்கல் அதிகம். மிக்சியை எடுத்துவைக்கும் தேதி முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நன்றாக வெந்த கறியைப் பெரியவர் விரல் நீளத்துக்குக் கொடுத்தால் ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையில் பிடித்துச் சப்பும். ஒன்பதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்க வரும்போது உதிர்த்த சிறு துணுக்குகள்.

கேழ்வரகு:
இதுதான் எனக்குப் பயம். அடைத்துக்கொண்டால்?

விரலுணவு:
ஓங்கரிப்பதும் அடைப்பதும் வேறு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளும். நாம் விரலை விட்டுத் துழாவினால்தான் உள்ளே போகும். அடைத்தால் சத்தமே வராது, உதடு நீலம் பூக்கும். அப்போது குப்புறப் பிடித்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்தம் என்று மாற்றி மாற்றி, இன்னொருவர் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழைக்க வேண்டும். சோறூட்டும் எல்லாரும், பாட்டியும் பணிப்பெண்ணும் உட்பட, இதைப் பயிற்சி வகுப்பில் செய்து பார்த்திருக்க வேண்டும். நேராக உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், படுக்கவைத்தோ வண்டியில் தள்ளிக்கொண்டோ அல்ல. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக்கொட்டைகள் பல ஆண்டுகளுக்கு வேண்டாம். ஃபிஷ்பால், சாசேஜ் உருண்டையும் ஆபத்து, உப்பும் ஆபத்து.

கேழ்வரகு:
விரல் நீளத் துண்டை எட்டு மாதத்துக்கு முன் நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான்.

துளசிமாடம்:
சைவக் குடும்பங்களை யாரும் கண்டுகொள்ளவில்லையே. இரும்பு சேர்த்த தானிய மாவு, கெட்டியாக மசித்த மைசூர்ப் பருப்பு, தோஃபு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி). உணவு முடிந்ததும் இரண்டு கரண்டி மசித்த பப்பாளியோ கொய்யாவோ கொடுத்தால் வைட்டமின் சி இரும்பை ஏற்றும். தக்காளியைக் கொதிக்கவைத்தால் சூட்டில் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி போய்விடும்.

செங்காங்_ஊட்டம்:
மிகச் சரி. ஒன்று சேர்க்கிறேன்: பி12. தாய் முட்டை, பால்கூடக் குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் தாய்ப்பாலிலும் பி12 குறையும். குழந்தையின் நரம்பு வளர்ச்சிக்கே அது தேவை. தாயும் சேயும் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்புச் சொட்டு மருந்தும் அப்படித்தான், உணவால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பொங்கோல்_கடலோரம்:
ஈரல்? முட்டை?

தேக்காச்சந்தை:
கோழி ஈரல் 100 கிராமில் சுமார் 11 மில்லிகிராம் இரும்பு. ஆசைப்பட்டு அள்ளிக் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். ஒரு வயதுக்குள் நாளுக்கு 600 மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு, 15 கிராம் ஈரலிலேயே அது எட்டிவிடும். வாரத்துக்கு ஒரு முறை ஒரு தேக்கரண்டி, உள்ளே சிவப்பு தெரியாமல் வெந்தது.

முட்டையை 10, 12 நிமிடம் கொதிக்கவைத்துக் கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை குழந்தைக்கு ஆகாது. வேர்க்கடலையும் தள்ளிப்போடக் கூடாது. லண்டனில் நடந்து 2015-இல் வெளிவந்த லீப் ஆய்வில், கடும் எக்சிமாவோ (தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளில் சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட்டவர்களுக்கு ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. வழவழப்பான வேர்க்கடலை வெண்ணெய் கால் தேக்கரண்டி, வெந்நீரில் கரைத்து, காலை வேளையில். புதிய ஒவ்வாமைப் பொருள் இரண்டை ஒரே நாளில் கலக்காதீர்கள். எக்சிமா கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூடக் கூடாது.

பொங்கோல்_கடலோரம்:
கடைசிக் கேள்வி. பகல் முழுக்கக் குழந்தை பராமரிப்பு நிலையத்தில்தான். அங்கே கொடுக்கும் கஞ்சியை எப்படி நம்புவது?

கேழ்வரகு:
"கறி போடுகிறீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். வெந்த கறியை அரைத்துச் சேர்க்கிறீர்களா, எடுத்துவிடுகிறீர்களா என்று கேளுங்கள். உப்பு, பவுடர் ஸ்டாக் (சூப்புத் தூள்) உண்டா என்று கேளுங்கள். எந்த மாதத்தில் மசித்ததிலிருந்து கட்டிக்கு மாற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். பதில் சரியில்லை என்றால், வீட்டில் உறைய வைத்த கட்டிகளைக் கொடுத்தனுப்ப அனுமதி கேளுங்கள். பனிப்பையோடு போக வேண்டும், ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

தேக்காச்சந்தை:
டப்பாவில் சமைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டு உறைபெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.