60 எழுத்து சரியா இருந்தும் லொகின் ஆகலயாம்!

கொட்டகலை_குளிர்: "பாஸ்வேர்ட் ஹேஷ் மைஎஸ்கியூஎல்லுக்குச் சொந்தம், போஸ்ட்கிரஸுக்குப் போனா செல்லாது, எல்லாரையும் ரீசெட் பண்ணச் சொல்லணும்"னு ஒரு மேதாவி எழுதியிருக்கார். ஹேஷ்னா பாஸ்வேர்டைத் திருப்ப முடியாதபடி மாத்தின எழுத்துக்கோவை. அதை பிகிரிப்ட்ங்கிற முறையில போடுறது பிஎச்பி மொழிங்க. மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரஸோ, டேட்டாபேஸுக்கு அது வெறும் 60 எழுத்து.

பதுளை_பைட்: மேதாவி நான்தான், பேர் சொல்லியே ஏசலாம். போஸ்ட்கிரஸுக்கு மாத்தின பிறகு லெங்த் (எழுத்தை எண்ணுற ஃபங்ஷன்) போட்டா 60 வருது. ஒரு எழுத்தும் குறையல. லொகின் மட்டும் ஆகல. அப்ப?

கொட்டகலை_குளிர்: கொலம் சார் (CHAR) 100தானே, அதாவது 100 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தை ஸ்பேஸால நிரப்புற வகை? வாசிக்கும்போது மைஎஸ்கியூஎல் வால் ஸ்பேஸை வெட்டிட்டுக் கொடுக்கும். போஸ்ட்கிரஸ் 40 ஸ்பேஸையும் சேர்த்தே கொடுக்கும். பிஎச்பியோட பாஸ்வேர்ட் வெரிஃபை நீளத்தையும் பார்க்கும். 100ம் 60ம் ஒண்ணா?

பதுளை_பைட்: 60ன்னு வருதுங்கிறேன். 60.

கொட்டகலை_குளிர்: சார் கொலத்துல லெங்த் வால் ஸ்பேஸை எண்ணாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்ப சாக்கைக் கழிச்சிட்டுத் துண்டு எழுதுற மாதிரி. பைட்டை எண்ணுற ஒக்டெட் லெங்த் போடுங்க, சாக்கோட வரும். கொலத்தை டெக்ஸ்ட் வகைக்கு ஆல்ட்டர் பண்ணா மாறும்போதே ஸ்பேஸ் உதிர்ந்திடும். ஒரு வரி வேலை. இதுக்குப் போய், சிம் மாத்தின ஆளுங்களுக்கெல்லாம் ரீசெட் எஸ்எம்எஸ்ஸா?

லிந்துலை_லினக்ஸ்: சார் சார்னு, காலையில வேலை பிரிச்சுக் கொடுக்கிற பெரட்டுக்களம் மாதிரி இருக்கு. பாஷ்ல (லினக்ஸ் கட்டளை வரியில) இரட்டை மேற்கோளுக்குள்ள ஹேஷ் வச்சீங்களா? ஹேஷ் $2y$10$னு தொடங்குறதால, டொலர் 2, டொலர் 1 எல்லாத்தையும் வேரியபிள்னு நினைச்சு முழுங்கிடும். மிச்சம் 'ஒய்0'ன்னு தொடங்கும். ஒற்றை மேற்கோள் போடணும்.

பதுளை_பைட்: முழுங்கினா 60 வருமா தம்பி?

லிந்துலை_லினக்ஸ்: தம்பியா? யாருக்கு யாரு தம்பி? டைம்ஸோன் விவாதத்துல ஐந்தரை மணித்தியாலத்தை ரெண்டு தடவை கூட்டினது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

பதுளை_பைட்: அது சேர்வர் பிழை.

பண்டாரவளை_பனி: எதுன்னாலும் போயா (பௌர்ணமி விடுமுறை) அன்னைக்குச் செய்ங்க, ஆள் குறைவு.

கொட்டகலை_குளிர்: போயாவுலதான் பிள்ளைங்க பூராவும் போனோட கெடக்குதுங்க. அத விடுங்க. ஒக்டெட் லெங்த் போட்டீங்களா, இல்லையா?

பதுளை_பைட்: 100. அது பைட் கணக்கு. எழுத்து 60தான். நான் சொன்னது எழுத்து.

கொட்டகலை_குளிர்: பிகிரிப்ட்ல இருக்கிறது பூரா ஆஸ்கி (சாதாரண ஆங்கில எழுத்து, எண், குறி), எழுத்துக்கு ஒரு பைட். மிச்ச 40 என்ன, கொழுந்துல இருந்த தண்ணியா?

பதுளை_பைட்: பழைய ஹேஷ் எம்டி5ங்கிற வேற ஹேஷ் முறையா இருந்தா ரீசெட்தானே பண்ணணும்?

கொட்டகலை_குளிர்: எம்டி5 32 எழுத்து. அதையும் அப்படியே பிகிரிப்டுக்குள்ள போட்டு வச்சு, ஆள் லொகின் ஆகும்போது புதுசா ஹேஷ் பண்ணிக்கலாம். உங்களோடது 60ன்னு நீங்கதானே பாட்டா பாடுறீங்க?

பதுளை_பைட்: ஆமா, 60. இப்பவும் 60தான்.

லிந்துலை_லினக்ஸ்: தம்பின்னதுக்கு இன்னும் பதில் வரல.