புதுப்பிப்பு: அவசர சிகிச்சை உரிமை குறித்த ஆய்வேட்டுத் தலைப்பு ஏற்கப்பட்டது

சட்ட முதுகலை மாணவியான நான், ‘அவசர சிகிச்சை உரிமை’ என்ற தலைப்பு மிக விரிந்தது என்று நெறியாளர் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்ததைச் சொல்லி, அதை எப்படிச் சுருக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன்; பதிலளித்தவர்களுக்கு நன்றி. இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் ஒப்பிடச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. பரமானந்த் கட்டாரா வழக்கு (1989) உயிர்காக்கும் கடமையை அரசு, தனியார் மருத்துவர் இரு தரப்பினர் மீதும் வைத்தது. பஷ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கோ (1996), ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பியது உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகக் கண்டு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நான் எதிர்பாராதது, நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இக்கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று அத்தீர்ப்பே கூறியிருந்தது. என் கொள்கை அத்தியாயம் முழுவதும் இப்போது அதன் மீதே நிற்கிறது.