எஃப்-700இல் நான் படித்த ஓர் அதிகாரி

உயரதிகாரிகளைச் சந்தித்ததைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அணிவகுப்பு, கைகுலுக்கல், புகைப்படம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளராக, இருந்தவன். ஓர் அதிகாரியை எனக்கு அறிமுகப்படுத்தியது எஃப்-700 பதிவேடுதான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எஃப்-700, அதாவது பராமரிப்புப் பதிவேடு, உண்டு. பறப்பதற்கு முன் நாங்கள் சோதித்துக் கையெழுத்துப் போடுவோம். விமானி சுற்றிப் பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டதாகத் தன் கையெழுத்தைப் போடுவார். இறங்கிய பிறகு, ஸ்னாக் (கோளாறு) ஏதாவது இருந்தால் அவரே எழுத வேண்டும்.

தாம்பரத்தில் 1954 முதல் விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி இயங்குகிறது. நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள், பிறருக்குப் பறக்கச் சொல்லித்தர அங்கே கற்கிறார்கள். அப்படி வந்த, ஃப்ளைட் லெஃப்டினன்ட் பதவியில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் ஒருநாள் கிரண் என்ற பயிற்சி விமானத்தைச் சற்றுப் பலமாகத் தரையில் இறக்கிவிட்டார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர் நேராக வந்து 'ஹெவி லேண்டிங்' என்று எழுதினார். எழுதினால் விமானம் அன்று பறக்காது. ஜாக்கில் ஏற்றி, சக்கரத் தாங்கிகளையும் இறக்கை இணைப்புகளையும் பார்த்தாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் தன் மேல் தானே அப்படி எழுதிக்கொள்ள எல்லோருக்கும் மனம் வராது. விரிசல் எதுவும் இல்லை. மாலையில் ஹாங்கருக்கு வந்தவர், நாங்கள் கடைசிப் பேனலை மூடும்வரை உடன் இருந்தார்.

அவருடைய பதவி உயர்வைப் பிறகு தூரத்திலிருந்து கவனித்துவந்தேன். விங் கமாண்டர் வரை சேவைக்காலமும் தேர்வுகளும் கொண்டுபோய்விடும். இன்றைய முறையில் 6 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர். குரூப் கேப்டனில் இருந்துதான் உண்மையான வடிகட்டல். ஆண்டறிக்கைகள், ஸ்குவாட்ரனை (விமான அணியை) நடத்திய விதம், நீலகிரி வெலிங்டனில் உள்ள பணியாளர் கல்லூரிப் படிப்பு எல்லாம் பதவி உயர்வுக்கான தேர்வுக் குழுவின் முன் வைக்கப்படும். இடங்களோ மிகக் குறைவு. திறமையான பலர் அங்கேயே நின்றுவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதன் மேல் ஏர் கமோடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல். உச்சியில் ஒரே ஒரு ஏர் சீஃப் மார்ஷல்.

விமானப்படைத் தளபதி பதவி போர் விமானிகளுக்குத்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2007இல் ஹெலிகாப்டர் விமானியான ஃபாலி ஹோமி மேஜர் தளபதியானபோது ஹெலிகாப்டர் பிரிவு நண்பர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கு முன்பே, 2002இல், மருத்துவப் பிரிவிலிருந்து பத்மா பந்தோபாத்யாய் முதல் பெண் ஏர் வைஸ் மார்ஷலாகியிருந்தார். திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

என் அதிகாரியை மறுபடி பார்த்தது வடக்கே ஒரு தளத்தில். ஆய்வுக்கு வந்த காரில் இரண்டு நட்சத்திரங்கள்; ஏர் வைஸ் மார்ஷல் ஆகியிருந்தார். சுண்ணாம்பு அடித்த கற்களையும் பூந்தொட்டிகளையும் கடந்து நேரே ஹாங்கருக்குள் வந்தார். எஃப்-700ஐ வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஒரே ஸ்னாக் மூன்று முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, "உதிரிபாகம் வரவில்லையா?" என்று இந்தியில் கேட்டார். பதில் சொல்லத் தயங்கிய இளம் கார்ப்பரலின் தோளில் கைவைத்து, "உண்மையைச் சொல், உன்மேல் தவறில்லை" என்றார். அவன் சொன்னான். அந்த உதிரிபாகம் அந்த மாதத்துக்குள் வந்து சேர்ந்தது. போகும் முன் என் பக்கம் திரும்பி, "சார்ஜென்ட், தாம்பரம்தானே?" என்றார். "ஆமாம் சார்" என்பதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

பிள்ளைகளை இந்தப் பாதைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 முதல் பெண்களும் கடக்வாஸ்லா என்டிஏவில் (தேசியப் பாதுகாப்புக் கழகத்தில்) சேர்கிறார்கள். ஆனால் விமானிகளுக்கான கணினி வழித் தெரிவுத் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடியும். எனவே அதற்கு முந்தைய இரவு பிள்ளை நன்றாகத் தூங்கட்டும்.